மயில் உள்ளானைப் பார்க்க உட்காருங்கள்

பறவை பார்க்கப் போகிறவர்கள் கையில் இப்போது புதிதாக ஒரு பொருள் சேர்ந்திருக்கிறது. கைப்பேசியோடு இணைத்த சின்ன ஒலிபெருக்கி. பதிவுசெய்த குரலை ஓடவிட்டால், போட்டிக்கு ஆள் வந்துவிட்டதென்று பறவை புதரை விட்டு வெளியே வரும்; உடனே படம். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. கூச்சமுள்ள நீர்ப்பறவையைப் பார்க்க வேண்டுமா? உட்காருங்கள்.

கானாங்கோழி உங்களுக்குத் தெரிந்ததுதான். செங்குருகும் கொஞ்சம் பொறுத்தால் கோரையை விட்டு எழுந்து பறந்து முகம் காட்டிவிடும். மயில் உள்ளான் அப்படியில்லை. ஆள் நடமாட்டம் தெரிந்தால் ஓடாது, பறக்காது. நின்ற இடத்திலேயே உறைந்துவிடும். காலடியில் வந்தால்தான் கால்களைத் தொங்கவிட்டபடி எழுந்து, சற்றுத் தள்ளிப் போய் மறுபடி இறங்கும். அதனால்தான் நடந்து தேடுகிறவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

செங்கல்பட்டுப் பக்கம் ஓர் ஏரிப் பாசன வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் என்னிடம் சொன்னார்: "ஏன் சார் வரப்பு வரப்பா அலையறீங்க? பொழுது சாயட்டும், அதுவே வெளிய வரும்." அப்படித்தான் வந்தது. வெயில் தாழும் நேரம், சேறும் புல்லும் சேருகிற அந்த ஓரத்தையே பாருங்கள். நடுத்தண்ணீரை அல்ல, ஓரத்தை. முதலில் பறவை தெரியாது. பின்பக்கம் மேலும் கீழும் ஆடுகிற அசைவுதான் தெரியும். பிறகு கண்ணைச் சுற்றி ஒரு வெளிர் பட்டை, மார்பிலிருந்து தோளுக்கு ஏறும் இன்னொரு வெள்ளைப் பட்டை. கழுத்து ஆழ்ந்த செம்பழுப்பாக இருந்தால் அது பெண். ஆம், இந்த இனத்தில் அழகி பெண்தான். ஆண் மங்கலான சாம்பல் பழுப்பு, மேலே பொன்னிறப் புள்ளிகள். அந்தி மங்கியதும் கூப்பிடுவதும் பெண்தான். காலி பாட்டில் வாயில் ஊதியதுபோல, ஊக்... ஊக்... என்று அடுத்தடுத்து வரும். அந்தக் குரலைக் கேட்ட மாலைகளில் படம் எடுக்கும் நினைப்பே எனக்கு வந்ததில்லை.

ஒலிபெருக்கியை நான் எதிர்ப்பதற்குக் காரணமும் இந்தப் பறவையின் குடும்ப வாழ்க்கையில்தான் இருக்கிறது. பெண் முட்டையிட்டுவிட்டு அடுத்த துணையைத் தேடிப் போய்விடும். பெரும்பாலும் நான்கு முட்டைகள். அடைகாப்பதும் குஞ்சுகளை வளர்ப்பதும் ஆண் ஒருவனே. நாம் ஓடவிடுகிற குரல் அவனைக் கூட்டிலிருந்து கிளப்பிவிட்டால், அங்கே மாற்றாள் கிடையாது. திரும்பவும் சொல்கிறேன், மாற்றாள் கிடையாது.

பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த பிறகு அங்கே கூட்டம் கூடியிருக்கிறது, நல்லதுதான். ஆனாலும் என்னைக் கேட்டால், அறுவடை முடிந்து ஓரத்தில் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும் நெல்வயலுக்கே போகச் சொல்வேன். வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, மங்கிய நிறச் சட்டையில், சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி வரப்பில் உட்காருங்கள்.