மெல்லிய ஒலி



சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாதம். குற்றாலச் சாரல் தென்காசி வரை தூறிக்கொண்டிருந்தது. வாதத்தால் படுத்திருந்த ஓர் அம்மாவுக்கு நற்கருணை வழங்கச் சென்றோம். அதே அறையில் மெக்கானிக் அண்ணாச்சி ஒருவர் பழைய மூன்று பேண்டு வால்வு ரேடியோவைத் திறந்து வைத்திருந்தார். அம்மாவுக்குப் பேச்சுத்துணையாக இருக்கட்டும் என்று மகன் ஏற்பாடு செய்திருந்தார்.

ஸ்டேஷன் வரவில்லை என்று முன்பு யாரோ உள்ளிருந்த திருகாணிகளையெல்லாம் திருகியிருக்கிறார்கள். பழுதோ வேறிடத்தில்! ஈரம் ஏறிய பேப்பர் கண்டென்சர்கள் மின்சாரத்தைக் கசியவிட்டிருந்தன. அவற்றை மாற்றிய பிறகுதான் அலைன்மெண்ட். (200 வோல்ட்டுக்கு மேல் ஓடும் பெட்டி அது, வீட்டில் நாமாகக் கை வைக்க வேண்டாம்.)

சிக்னல் ஜெனரேட்டரில் 455 கிலோஹெர்ட்ஸ் வைத்து, கடைசி ஐ.எப். காயிலிலிருந்து முன்னோக்கி வந்தார். இரும்பு பக்கத்தில் வந்தாலே காயிலின் அளவு மாறிவிடும் என்பதால் பிளாஸ்டிக் திருப்புளி. பிறகு டயலின் ஒரு முனையைச் சரிசெய்தால் மறுமுனை நகர்கிறது. அதைச் சரிசெய்தால் இது நகர்கிறது. நாலைந்து முறை போய் வந்தார். ஒவ்வொரு பேண்டுக்கும் தனித்தனியே இதே வேலை.

எங்களுக்குப் பொறுமை இல்லை. “ஒலியைக் கூட்டி வைத்தால் நன்றாகக் கேட்குமே” என்றோம்.

“சிக்னலக் கூட்டினா காது ஏமாந்துரும் சாமி” என்றார். பலமான சிக்னல் வந்தால் ரேடியோ தானே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுமாம். திருகாணி சரியாக இருந்தாலும் சற்று விலகியிருந்தாலும் நம் காதுக்கு ஒன்றுபோலத்தான் கேட்கும். கேட்டும் கேட்காத அளவுக்குச் சிக்னலைக் குறைத்தால்தான் வித்தியாசம் பிடிபடும். “டிவி, பேன் எல்லாத்தையும் நிப்பாட்டுங்க.”

நிறுத்தினோம்.

காது கேளாதவரை இயேசு கூட்டத்திலிருந்து தனியே அழைத்துச் சென்றதை மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் எத்தனையோ முறை வாசித்திருக்கிறோம். அந்தத் ‘தனியே’ அன்றுதான் எங்களுக்கு உறைத்தது. அம்மாவுக்குக் காது நன்றாகவே கேட்கும். ஆனாலும் எல்லோரும் அவரிடம் சத்தமாகத்தான் பேசிக்கொண்டிருந்தோம், ஜெபம் சொன்ன நாங்களும்.

அந்த அமைதியில் கட்டிலிலிருந்து ஏதோ குரல். மகன் குனிந்து காதைக் கொடுத்தார். முதுகுக்கடியில் விரிப்பு மடிந்து காலையிலிருந்தே உறுத்துகிறதாம்.

விரிப்பை நீவிவிட்டுத் தலையணையைச் சரிசெய்தோம். 1197 கிலோஹெர்ட்ஸில் திருநெல்வேலி தெளிவாக வந்தது. ஷார்ட் வேவ் இன்னும் பாக்கி. “பேனைப் போடலாமா?” என்று மகன் கேட்டார். அண்ணாச்சி, அம்மா பக்கம் திரும்பி, “ஆச்சி என்ன சொல்லுதாகன்னு கேளுங்க” என்றார்.