கெட்டது காதா, கணினியா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வீட்டில் வயதான ஒருவர், "சத்தம் கேட்குது, ஆனா என்ன சொல்றாங்கன்னு புரியல" என்று சொன்னால், மற்றவர்கள் என்ன செய்வார்கள்? சத்தத்தைக் கூட்டி வைப்பார்கள். அப்போதும் புரியவில்லை என்றால், "அவருக்குக் காது மந்தமாகிவிட்டது" என்று முடிவு கட்டிவிடுவார்கள். பல நேரங்களில் அந்த முடிவு சரியாகவும் இருக்கலாம். ஆனால், கணினியில் செய்தியும் பாட்டும் கேட்கும் வீடுகளில் விசாரிக்க வேண்டிய இன்னொரு குற்றவாளியும் உண்டு. அதை விசாரிக்காமல் காதுக்குத் தண்டனை கொடுப்பது நியாயமல்ல.

சிங்கப்பூரில் ஓர் அடுக்குமாடி வீட்டைக் கற்பனை செய்து பார்க்கலாம். அங்கே எழுபது வயதைத் தாண்டிய ஒரு தாத்தா. காலையில் காப்பி குடித்துவிட்டுக் கணினி முன் அமர்ந்து தமிழ்ச் செய்தி கேட்பார். பிறகு பழைய திரைப்பாடல்கள். அவருக்காகப் பேரன் 'ஈக்குவலைசர் ஏபிஓ' என்ற இலவச மென்பொருளைக் கணினியில் நிறுவி, அவர் காதுக்குத் தெளிவாகக் கேட்கும்படி அளவுகளை அமைத்துக் கொடுத்திருந்தான்.

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடித்துக்கொண்டது. அதனால் பேரன் கணினியை விண்டோஸ் 11க்கு மாற்றினான். மறுநாள் காலை தாத்தா கூப்பிட்டார். "என்னமோ தலையணைக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்குப்பா" என்றார். பேரன் மென்பொருளைத் திறந்து பார்த்தான். அளவுகள் எல்லாம் வைத்த இடத்திலேயே இருந்தன. "எதுவும் மாறல தாத்தா, சத்தத்தைக் கூட்டி வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டான். தாத்தா எதுவும் பேசவில்லை. குறை தன் காதில்தான் என்று நினைத்துக்கொண்டார். ஒரு வாரத்தில் செய்தி கேட்பதையே விட்டுவிட்டார்.

பேரன் பொய் சொல்லவில்லை. ஆனாலும் அவன் சொன்னது தவறு. எப்படி என்பதுதான் இந்த உரையின் பொருள்.

ஈக்குவலைசர் செய்யும் வேலை

மனிதக் காது ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளைக் கேட்கும். தவில், மிருதங்கம் ஆகியவற்றின் கனத்த ஓசை கீழே இருக்கிறது. சலங்கையின் சிலீர் என்ற ஓசை மேலே இருக்கிறது. சத்தத்தைக் கூட்டும் பொத்தான் இவை எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டும். ஈக்குவலைசர் அப்படியல்ல. வேண்டிய பகுதியை மட்டும் கூட்டவோ குறைக்கவோ அது இடம் கொடுக்கும். சமையலில் குழம்பு முழுவதையும் அதிகமாக்குவது ஒன்று. உப்பை மட்டும் சரிபார்ப்பது இன்னொன்று.

வயதாகும்போது காது முதலில் இழப்பது மேல்பகுதி ஒலிகளைத்தான். உயிரெழுத்துகளின் வலிமை பெரும்பாலும் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. ச, த போன்ற மெய்யொலிகளின் கூர்மையோ 2,000 ஹெர்ட்ஸுக்கும் மேலே இருக்கிறது. 'காசு', 'காது' என்ற இரண்டு சொற்களையும் பிரித்துக் காட்டுவது நடுவில் இருக்கும் அந்த ஒரு மெய்யொலிதான். அது மங்கிவிட்டால் யாரோ பேசுவது கேட்கும். என்ன சொல்கிறார் என்பது புரியாது. அந்த மேல்பகுதியைச் சற்று உயர்த்திக் கொடுத்தால் சொற்கள் தெளிவாகும். தாத்தாவுக்குப் பேரன் செய்து கொடுத்த உதவி அதுதான்.

வழி மாறினால் எல்லாம் மாறும்

கணினியில் பாட்டு ஒலிக்கும்போது அது நேராக ஒலிபெருக்கிக்குப் போய்விடுவதில்லை. பாடும் மென்பொருளிலிருந்து இயங்குதளத்துக்கும், அங்கிருந்து 'டிரைவர்' எனப்படும் இயக்கி மென்பொருளுக்கும், பிறகு ஒலி வன்பொருளுக்கும் போகிறது. இந்த வழியில் ஓர் இடத்தில் அமர்ந்துகொண்டு, கடந்து போகும் ஒலியைத் திருத்தி அனுப்புவதே ஈக்குவலைசரின் வேலை. வழியை மாற்றிப் போட்டுவிட்டால், பழைய சாலையில் இருக்கும் சுங்கச்சாவடி போல அது அங்கேயே இருக்கும். விளக்கு எரியும், ஆள் இருப்பார். ஆனால் ஒரு வண்டியும் அந்தப் பக்கம் வராது.

இது புதிய கதையல்ல. சிங்கப்பூருக்கு நன்றாகத் தெரிந்த கதை. 1981ஆம் ஆண்டில் சிம் வோங் ஹூ தம் நண்பருடன் சேர்ந்து தொடங்கிய கிரியேட்டிவ் டெக்னாலஜி நிறுவனம், 1989ஆம் ஆண்டில் 'சவுண்ட் பிளாஸ்டர்' என்ற ஒலி அட்டையை வெளியிட்டது. வெறும் 'பீப்' ஒலி எழுப்பிக்கொண்டிருந்த கணினிகளைப் பாட வைத்த பெருமை அந்த அட்டைக்கு உண்டு. 2023 ஜனவரியில் சிம் வோங் ஹூ மறைந்தபோது, அவர் பெயருடன் சேர்த்து நினைவுகூரப்பட்டதும் அதுதான்.

அத்தகைய அட்டைகளும் 2007ஆம் ஆண்டில் ஒரு சோதனையைச் சந்தித்தன. அந்த ஆண்டு ஜனவரியில் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா, ஒலி செல்லும் வழியையே மாற்றி அமைத்தது. 'டைரக்ட் சவுண்ட்' வழியாக விளையாட்டுகள் நேரடியாக ஒலி அட்டையின் திறனைப் பயன்படுத்திக்கொண்ட குறுக்குவழி அடைக்கப்பட்டது. அட்டை கெடவில்லை, ஆனால் முப்பரிமாண ஒலி நின்றுபோனது. பிறகு 'ஆல்கெமி' என்ற மென்பொருளைக் கொடுத்துக் கிரியேட்டிவ் நிறுவனம் மாற்றுவழி அமைத்தது.

அதே விஸ்டாதான் 'ஏபிஓ' என்ற ஏற்பாட்டையும் கொண்டுவந்தது. ஒலி செல்லும் வழியில் ஒரு மென்பொருள் அமர்ந்துகொள்வதற்கான அதிகாரபூர்வ இருக்கை என்று அதைச் சொல்லலாம். தாத்தாவின் ஈக்குவலைசர் அமர்வதும் அங்கேதான். ஆனால் அந்த இருக்கை ஒவ்வோர் ஒலிக்கருவிக்கும் தனித்தனியாக ஒதுக்கப்படுகிறது. இயங்குதளம் மாறும்போது புதிய இயக்கி நிறுவப்பட்டால், பழைய ஒதுக்கீடு அழிந்துபோகலாம். அளவுகள் கோப்பில் பத்திரமாக இருக்கும். திரையில் அழகாகத் தெரியும். ஒலி மட்டும் அந்தப் பக்கம் வராது. பேரன் கண்ணால் பார்த்தான், காதால் சோதிக்கவில்லை.

ஒரு நிமிடச் சோதனை

சோதனை மிக எளிது. ஒரு பாட்டை ஓடவிட வேண்டும். ஈக்குவலைசரில் 'பிரீஆம்ப்' என்ற மொத்த அளவைக் கழித்தல் 30 டெசிபலுக்கு இறக்க வேண்டும். சத்தம் படுத்துவிட்டால் ஈக்குவலைசர் வழியில்தான் இருக்கிறது. குறையை வேறிடத்தில் தேடலாம். சத்தம் கொஞ்சமும் குறையவில்லை என்றால், அது வழியில் இல்லை. சோதனை முடிந்ததும் அளவைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிட வேண்டும்.

வழியில் இல்லை என்று தெரிந்தால், வரிசையாக நான்கு இடங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, ஒலி எந்தக் கருவிக்குப் போகிறது என்பது. மேம்படுத்திய பிறகு, மேசை ஒலிபெருக்கிக்குப் பதிலாகத் திரையில் உள்ள சிறிய ஒலிபெருக்கியைக் கணினி தேர்ந்தெடுத்திருக்கலாம். ஒலி அமைப்புகளில் 'அவுட்புட்' பகுதியில் சரியான கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இரண்டாவது, இருக்கை ஒதுக்கீடு. ஈக்குவலைசர் ஏபிஓவுடன் கருவிகளைத் தேர்ந்தெடுக்கும் சாளரம் ஒன்றும் வருகிறது. பழைய பதிப்புகளில் அதன் பெயர் 'கான்ஃபிகரேட்டர்'. அதைத் திறந்து, பயன்படுத்தும் ஒலிபெருக்கிக்கு எதிரே குறியிட்டு, கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டும். மறுதொடக்கம் செய்யாமல் "சரியாகவில்லையே" என்று கைவிடுகிறவர்கள் பலர்.

மூன்றாவது, விண்டோஸ் அமைப்பில் அந்தக் கருவிக்குரிய 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' பகுதி. அது அணைக்கப்பட்டிருந்தால் இருக்கையில் யாரும் அமர முடியாது. ஈக்குவலைசரும் வேலை செய்யாது.

நான்காவது, பாடும் மென்பொருள். சில மென்பொருள்கள் 'எக்ஸ்குளூசிவ்' முறையில் மற்ற எதையும் தொடாமல் கருவிக்கு நேராக ஒலியை அனுப்பிவிடும். ஒரு மென்பொருளில் மட்டும் குறை இருந்து, மற்றவற்றில் சரியாகக் கேட்டால், இதுவே காரணமாக இருக்கலாம்.

இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. புதிய இயக்கி தன்னுடன் இன்னோர் ஈக்குவலைசரைக் கொண்டுவந்து, இரண்டும் சேர்ந்து ஒலியைத் திருத்தினால், பாட்டு கரகரக்கும். இரண்டில் ஒன்றை நிறுத்திவிட வேண்டும். ஒரு பகுதியை 6 டெசிபல் உயர்த்தினால், பிரீஆம்ப் அளவை ஏறத்தாழ அதே அளவு இறக்கி வைப்பது கரகரப்பைத் தவிர்க்கும்.

சத்தம் மருந்தல்ல

"இவ்வளவு சிரமம் எதற்கு, சத்தத்தைக் கூட்டினால் போதாதா?" என்று கேட்கலாம். போதாது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டும்போது கீழ்ப்பகுதி ஓசையும் பெருகும், சொல் தெளிவடையாது. ஆபத்தும் இருக்கிறது. வாரத்துக்கு 80 டெசிபல் என்றால் 40 மணி நேரம், 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம் மட்டுமே கேட்கலாம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் தரும் வரம்பு. பத்து டெசிபல் கூடினால் நேரம் பத்தில் ஒன்றாகக் குறைகிறது. மென்பொருளின் குறையை மறைக்கச் சத்தத்தைக் கூட்டுகிறவர், மீதியிருக்கும் செவித்திறனையும் செலவழிக்கிறார்.

கணினியில் எல்லாம் சரியாக இருந்தும் சொற்கள் புரியவில்லை என்றால், தயங்காமல் செவித்திறன் சோதனைக்குப் போக வேண்டும். ஈக்குவலைசர் ஓர் உதவிதான். செவித்துணைக் கருவிக்கு மாற்று அல்ல.

வருமுன் காப்பதும் கடினமல்ல. இயங்குதளத்தை மாற்றுவதற்கு முன், ஈக்குவலைசர் அளவுகளைக் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். அதன் 'கான்ஃபிக்' கோப்புறையை ஒரு விரலியில் நகலெடுத்து வைக்கலாம். விண்டோஸ் 11க்கு மாறிய பிறகு எதுவும் சரிப்படவில்லை என்றால், பொதுவாக 10 நாள்களுக்குள் பழைய பதிப்புக்கே திரும்பிவிடலாம். எனவே சோதனையை முதல் நாளே செய்துவிடுவது நல்லது.

அந்த அடுக்குமாடி வீட்டில் பேரன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தச் சோதனையைச் செய்கிறான். அளவை இறக்குகிறான், சத்தம் அசையவில்லை. குறியிடுகிறான், கணினியை மறுதொடக்கம் செய்கிறான், செய்தியை ஓடவிடுகிறான். உள்ளே படுத்திருந்த தாத்தா எழுந்து வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறார். "உங்க காது நல்லாத்தான் இருக்கு தாத்தா. நான்தான் சரியாப் பார்க்கல" என்கிறான் பேரன்.

வீட்டில் ஒருவர் "கேட்கவில்லை" என்று சொன்னால், அவரைச் சந்தேகிப்பதற்கு முன் ஒரு நிமிடம் கருவியைச் சந்தேகித்துப் பார்க்க வேண்டும். அந்த ஒரு நிமிடம், ஒரு பெரியவரின் காலைப் பொழுதை அவருக்குத் திருப்பிக் கொடுக்கும்.