மறுமொழி வாராதபோது

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஒரு கணிப்பொறி தொலைவிலுள்ள மற்றொன்றிடம், 'இவ்வேலையைச் செய்து விடை அனுப்புக' என ஏவுவதை 'ரிமோட் புரோசீஜர் கால்' என்பர். இதனை இயற்றும் முறையைச் சிராக்ஸ் ஆய்வுக்கூடத்தினரான ஆண்ட்ரூ பிரெல், புரூஸ் நெல்சன் இருவரும் 1984-இல் ஒரு கட்டுரையில் விளக்கினர். நாம் கைப்பேசியில் ஊருக்குப் பணம் அனுப்பும்போதும் பொறிகள் இவ்வாறே ஒன்றையொன்று ஏவுகின்றன.

நடுவே தொடர்பு அறுந்தால் என் செய்வது? ஏவல் போய்ச் சேராதிருக்கலாம். சேர்ந்தும் வேலை பாதியில் நின்றிருக்கலாம். வேலை முடிந்து, விடை மட்டும் வழியில் தவறியிருக்கலாம். ஏவியவருக்கோ மூன்றும் ஒரே மௌனந்தான். 'இருப்பு எவ்வளவு?' என்று பன்முறை கேட்பதால் கேடில்லை. 'ஐந்நூறு ரூபாய் அனுப்பு' என்பதை இருமுறை சொன்னால் ஆயிரம் போய்விடும்.

ஆதலின் ஒவ்வோர் ஏவலுக்கும் ஓர் எண் இடுகின்றனர். விடை வாராவிடில், சற்றுப் பொறுத்து, அதே எண்ணுடன் மீண்டும் அனுப்புகின்றனர். இடைவெளியையும் படிப்படியாகக் கூட்டுகின்றனர். எதிர்முனை தன் பேரேட்டில் அவ்வெண்ணைக் கண்டால், வேலையை மறுபடி செய்யாது பழைய விடையையே திருப்பியனுப்பும். பொறி நின்று மீண்டும் ஓடினாலும் அப்பேரேடு அழியாதிருத்தல் வேண்டும்.

இரயில்வே ஊழியராகிய நமக்கு இது புதிதன்று. தொலைபேசி வழியே 'லைன் கிளியர்' பெறும் இடங்களில், அடுத்த நிலைய அதிபர் 'பிரைவேட் நம்பர்' சொல்லி, அது பதிவேட்டில் ஏறிய பின்னரே வண்டி புறப்படும். மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளும் வழக்கம் அங்கில்லை.

இல்லத்தார்க்கு ஒரு சொல். பொறி தானே மீண்டும் அனுப்பும்போது பழைய எண்ணையே இடும். நாம் பொறுமையிழந்து மறுபடி பணம் அனுப்பினாலோ புதிய எண் பிறக்கும். அது புதிய செலவே. ஆகவே, முதலில் கணக்கு வரலாற்றைப் பாருங்கள். ஒருவர் மற்றொருவருக்கு யுபிஐ மூலம் அனுப்பிய தொகை, கணக்கில் கழிந்தும் உரியவரைச் சேராவிடில், மறுநாளுக்குள் திரும்ப வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு ரூ.100 ஈடு தர வேண்டும். இது ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வகுத்த விதி.

விடை வாராமை 'இல்லை' என்னும் விடையாகாது. அதை நினைவிற் கொண்டால் நம் உழைப்பின் பயன் இருமுறை கரையாது.