நெய்தலின் பாறைமுகம்



கடலில்லாக் கொங்கு மண்ணில், பத்தாண்டு நிறைவுகாணும் நம் மன்றத்தில், கடற்கரையைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றேன்.

நெய்தல் என்றதும் நம் கவிதைகளில் வெண்மணலும் புன்னையும் தாழையும் வந்துவிடுகின்றன. குமரி மாவட்டத்து முட்டமோ வேறு முகம் காட்டுகின்றது. செம்மண் மேடு முடியுமிடத்தில் பாறைகள் கடலுக்குள் நீண்டு அலையை உடைக்கின்றன. அவற்றினிடையே சிறு மணல்வளைவுகள் ஒதுங்கிக் கிடக்கின்றன. அண்மையிலுள்ள குளச்சலும் இயற்கைத் துறைமுகமே. 1741இல் திருவிதாங்கூர்ப் படை டச்சுக்காரரை வென்றது அங்கேதான்.

நமக்குக் காட்சியாகும் வளைவு, பரதவர்க்குப் புகலிடம். படகு திரும்பினால்தான் அவ்வழகு நிறைவுறும். 2004 டிசம்பர் 26இல் கடல்கோள் குளச்சல் கரையில் பல உயிர்களைக் கொண்டது. நெய்தலுக்கு இரங்கலை உரிப்பொருளாக வைத்த முன்னோர், கரையில் காத்திருக்கும் நெஞ்சை அறிந்தவர்கள். ஐங்குறுநூற்றில் நெய்தலை நூறு பாடல்களாகப் பாடிய அம்மூவனாரும் அம்மரபினரே.

பாறையின் கடுமையைக் கிணறு வெட்டி அறிந்தவர்கள் நாம். கடலைப் பாடும்போது, அலையை வருணித்து நின்றுவிடாமல், அதில் இறங்குவோரின் உழைப்பையும் அச்சத்தையும் பாடுவோம். இரங்கலில்லாத நெய்தல் வெறும் காட்சியே ஆகும்.