கிடந்த மோட்டார் சைக்கிளை ஓடவைத்தல்



உங்கள் ஊர் உள்வீதிக்கு இன்னும் பஸ் வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகவும் மீன் பெட்டியைச் சந்தைக்குக் கொண்டுபோகவும் பலருக்கு இருக்கிற ஒரே வழி, வருடக்கணக்காகக் கிடக்கிற அந்தப் பழைய எம்.டி. 90தான்.

சைக்கிள் பற்றைக்குள் கிடந்தால் இழுக்க வேண்டாம். அந்தக் காணியில் கண்ணிவெடி அகற்றி முடிந்ததா என்று கிராம அலுவலரிடம் முதலில் கேளுங்கள். முடிந்திருந்தாலும், சீற்றுக்கு அடியிலோ பக்கத்திலோ தெரியாத பொருள் இருந்தால் கை வைக்காமல் வந்த வழியே திரும்பிப் போய் அறிவியுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் எல்லோரும் கிக்கரைத்தான் மிதிப்பார்கள். மிதிக்காதீர்கள். உள்ளே பிஸ்டன் றிங் துருவோடு ஒட்டியிருந்தால் முறியும், சிலிண்டரும் கீறும். பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டையால் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு ஓர் இரவு வையுங்கள். காலையில் கிக்கரைக் கையால் மெதுவாக அமத்துங்கள். அசையாவிட்டால் இன்னும் கொஞ்சம் விட்டு இரண்டு நாள் பொறுங்கள். அதற்கும் மசியாவிட்டால் கராஜுக்குக் கொண்டுபோங்கள்.

எஞ்சின் ஒயிலை மாற்றுங்கள். பால்தேநீர் நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. புது ஒயில் விட்டுச் சில நிமிடம் ஓடவிட்டு, அதையும் ஊற்றிவிட்டு மறுபடி விடவேண்டும். இரண்டு தரம் காசா என்று கேட்பீர்கள். எஞ்சின் செய்கிற செலவோடு பார்த்தால் அது சில்லறை.

ராங்கியில் நின்ற பெற்றோல் பெயின்ற் போல மணக்கும். அதைப் பாவிக்காதீர்கள். உள்ளே துரு என்றால் ஒரு கைபிடி சிறுகல்லும் கொஞ்ச மண்ணெண்ணெயும் போட்டு நன்றாகக் குலுக்கி, சுத்தமாக வரும்வரை கழுவுங்கள். காபரேற்றரின் அடிக் கிண்ணத்தைக் கழற்றினால் பிசின் போலப் படிந்திருக்கும். தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய சைக்கிள்களில் கரியும் சேர்ந்திருக்கும். ஜெற் ஓட்டைகளை ஊசியால் குத்தவேண்டாம், ஓட்டை பெருத்தால் பெற்றோல் குடிக்கும். மின்வயரில் ஒரு மெல்லிய செப்பு இழை போதும், பிறகு காற்றடியுங்கள்.

எல்லாம் செய்தும் ஸ்ரார்ட் ஆகவில்லையா? சைலன்சருக்குள் பாருங்கள். குளவி மண்கூடு கட்டியிருக்கும். எயார் பில்டர் பெட்டியில் எலி குடியிருக்கும். பாதி வழக்கு அங்கேதான் தீரும்.

பொறி வருகிறதா என்று பிளக்கை எஞ்சினில் முட்டவைத்துப் பார்க்கும்போது, ராங்கி மூடியிருக்கவேண்டும், சிந்திய பெற்றோலைத் துடைத்திருக்கவேண்டும். பற்றறி பெரும்பாலும் செத்திருக்கும். கிக்கரில் வேலை செய்கிற பழைய சைக்கிள்கள் பல அது இல்லாமலும் ஸ்ரார்ட் ஆகும். ஆனால் லைற்றும் ஹோனும் இல்லாமல் இரவில் ஓடாதீர்கள்.

கையில் உள்ள காசைப் பெயின்றுக்குச் செலவழிக்காமல் ரயருக்கும் பிரேக்குக்கும் செலவழியுங்கள். ரயர் ஓரம் வெடித்திருந்தால், பூ இருந்தாலும் மாற்றத்தான் வேண்டும். பிரேக் கேபிளுக்கு ஒயில் விட்டு, டிரம்மைத் திறந்து துருவைத் தேய்த்து, வளவுக்குள் உருட்டிப் பிடித்துப் பார்த்த பிறகே வீதிக்கு ஏறுங்கள். பிள்ளைகளை முதல் நாளே ஏற்றாதீர்கள்.

வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் பிரதேச செயலகத்துக்குப் போகவேண்டும், காப்புறுதியும் வேண்டும். பதிவுப் புத்தகம் தொலைந்தவர்கள் சேசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் துடைத்து எழுதிக்கொண்டு பொலிஸில் முறைப்பாடு பதியுங்கள். அந்தப் பிரதியைப் பத்திரமாக வைத்திருங்கள், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்பார்கள்.