ரப்பருக்கு உண்டு உடன்பாடு, பால் வெட்டுகிறவனுக்கு?

(சிங்கப்பூர் தேக்காவில் நடந்த தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



ஆசியான் நாடுகள் இன்னும் நெருங்கி ஒன்றுபட வேண்டும் என்று பொதுநல அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் கேட்டு வருகின்றன. "நாடுகள் சேர்ந்தால் நம் பால்வாளிக்கு என்ன லாபம்?" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான்.

முதலில் ரப்பரைப் பார்ப்போம். 1877ல் 22 கன்றுகள் இந்தச் சிங்கப்பூருக்கு வந்து இறங்கின. பின்னர் பூமலையில் ரிட்லி துரை, மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் வெட்டு முறையைக் கண்டார். அன்று முதல் ரப்பருக்குக் கடல் ஒரு தடையே அல்ல. பல நாட்டுச் சரக்குக்கும் சிங்கப்பூர்ச் சந்தை விலையைப் பார்த்துப் பேரம் பேசுகிறார்கள். விலை விழுந்தபோது, 2001ல் தாய்லாந்தும் இந்தோனேசியாவும் மலேசியாவும் கூடி உடன்பாடு செய்துகொண்டன. 2019ல் விலையைத் தூக்கி நிறுத்த, 2,40,000 டன் ஏற்றுமதியைக் குறைக்க இசைந்தன. சரக்குக்கு ஆபத்து என்றால் மூன்று சர்க்காரும் ஒரே மேஜையில் உட்கார்ந்துவிடுகின்றன!

ஆளுக்கு ஆபத்து என்றால்?

ஆசியான் பிறந்தது 1967 ஆகஸ்டு 8ல், பாங்காக்கில். அயல்நாட்டுத் தொழிலாளரைக் காப்போம் என்று பிலிப்பைன்சின் செபு நகரில் அது அறிவித்தது 2007 ஜனவரியில். நாற்பது வருஷம்! அந்த அறிவிப்பை ஒப்பந்தமாக எழுத இன்னும் பத்து வருஷம். சங்கங்களும் பொதுநல அமைப்புகளும் சேர்ந்து ஒரு குழு அமைத்தன. சிங்கப்பூரைச் சேர்ந்த சின்னப்பன் சாமிதுரை அதன் அமைப்பாளர். 2009லேயே அக்குழு தன் நகலைக் கொடுத்துவிட்டது. ஆளை அனுப்பும் இந்தோனேசியாவும் பிலிப்பைன்சும் சட்ட வலு வேண்டும் என்றன. ஆளைப் பெறும் நாடுகள் இசையவில்லை. கடைசியில் 2017 நவம்பர் 14ல் மணிலாவில் கையெழுத்தாயிற்று.

அதில் நல்ல வாசகங்கள் உண்டு. பாஸ்போர்ட்டுத் தொழிலாளி கையில் இருக்கலாம். அவன் சங்கத்தில் சேரலாம். ஆனால் "அந்தந்த நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டு" என்ற வாலையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். கோர்ட்டில் கொண்டுபோய் நிறுத்த முடியாத காகிதம் அது.

இன்ஜினியர், நர்ஸ், டாக்டர், கணக்காளர் முதலிய எட்டு வகைத் தொழிலருக்கு, ஒருவர் தகுதியை மற்ற நாடுகள் ஏற்க ஏற்பாடு செய்திருக்கிறார்கள். பால் வெட்டுகிறவன் பெயர் அதில் இல்லை. கிராணி பெயரும் இல்லை. நாங்கள் மார் தட்ட இடமில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். "ஜாவாக்காரனும் லொம்போக்காரனும் வந்ததால்தான் நம் கூலி ஏறவில்லை" என்று நம் லயங்களிலே பேச்சிருக்கிறது. நாகப்பட்டினத்தில் கப்பலேறிய நம் பாட்டன்மாரையும் அன்று இப்படித்தான் பேசினார்கள். செக்ரோல் எழுதுகிற நாங்கள் அறிவோம்: கூலியை இறக்குவது அவன் வெட்டும் மரமல்ல. ஆபீஸ் பெட்டியில் பூட்டிக் கிடக்கும் அவன் பாஸ்போர்ட்டுத்தான். வாய் திறக்க முடியாத ஒருவன் பக்கத்து நிரையில் நிற்கும்வரை நம் வாய்க்கும் வலுவில்லை.

இந்தத் தேக்காவிலேயே, கஃப் ரோட்டில், வேலையில் காயப்பட்டு நஷ்ட ஈட்டுக்குக் காத்திருக்கும் அயல்நாட்டுத் தொழிலாளருக்கு இலவசச் சாப்பாடு போடும் பணியை 2008ல் ஓர் அமைப்பு தொடங்கியது. சாப்பிட வந்தவர்களிலே நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் உண்டு. எந்த நாட்டான் என்று கேட்டா சோறு போட்டார்கள்?

2025 அக்டோபரில் தீமோர் லெஸ்தே பதினோராவது நாடாகச் சேர்ந்தது. அதுவும் பிழைப்புக்கு ஆள் அனுப்பும் நாடுதான். ஆகவே, மணிலாக் காகிதத்துக்குச் சட்ட வலு கேட்கும் குரல் இனிமேல் பெரிதாகலாம். அதற்குச் சாட்சி வேண்டுமே! அதை நாம் கொடுப்போம். ஒவ்வொரு கிளையும் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கட்டும். பாஸ்போர்ட்டுப் பறிபோனவன், சம்பளம் பிடிக்கப்பட்டவன், எந்த நாட்டானானாலும் அவன் பெயர், தேதி, தொகை எழுதி, ஒரு நகலை அவன் ஊர்ச் சங்கத்துக்கு அனுப்புவோம். எழுதும் வேலை கிராணிகளாகிய எங்களுடையது. ஆளை அழைத்து வருவது உங்களுடையது. இந்த மாதச் சம்பளத் தேதியன்றே தொடங்குவோம்.