நடுவரிடம் கேட்க இரண்டு கேள்விகள்



அல்சூரிலும் சிவாஜிநகரிலும் வாழும் நம்மவர் பிள்ளைகள், கன்னடமும் தெலுங்கும் உருதுவும் பேசும் தோழர்களோடு ஒரே மைதானத்தில் வளர்கிறார்கள். பெங்களூரில் அத்தகைய சிறுவர்க்கு ஸாப்ட்பால் பயிற்றுவிக்கும் அன்பர் எவருக்கும் நேரக்கூடிய ஒரு சங்கடத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

அடிக்கப்பட்ட பந்தைப் பிடிக்க முனையும் தடுப்பாளருக்கு, தளத்தை நோக்கி ஓடுபவன் வழிவிட வேண்டும். குறுக்கிட்டால் அது இடையூறு. ஆட்டம் அங்கேயே நிற்கும், ஓடியவன் ஆட்டமிழப்பான். உடல் உரச வேண்டியதில்லை. வேண்டுமென்றே செய்தானா என்பதும் கேள்வியன்று. மாறாக, பந்து கையில் இல்லாமலும் பந்தைப் பிடிக்க முனையாமலும் தடுப்பாளர் வழிமறித்தால், குற்றம் அவருடையது. கண்ணிமைப்பொழுதில் நிகழும் ஒரே மோதலை இரு அணியாரும் இருவிதமாகக் காண்பது இயல்பே.

அப்போது பயிற்சியாளர் கூச்சலிடலாகாது. ஆட்ட நிறுத்தம் கேட்டு, தீர்ப்புரைத்த நடுவரிடமே நடந்து சென்று, இரண்டே கேள்விகள் கேட்கலாம்: "தாங்கள் கண்டது என்ன? எந்த விதிப்படி தீர்ப்பளித்தீர்கள்?" அவர் கண்டது முடிவானது, அதன்மேல் முறையீடு கிடையாது. "இடையூறு நேர்ந்தது உண்மை, ஆனால் சிறுவன் வேண்டுமென்று செய்யவில்லை, ஆகையால் விட்டுவிட்டேன்" என்பாராயின், அது விதிப்பிழை. அதை அடுத்த பந்து வீசப்படுமுன் முறையிடலாம்.

இவ்விரண்டுக்கும் அப்பால் ஒரு சொல் உண்டு. "அவர் வேற்று மொழிக்காரர், அதனால்தான்" என்பது அச்சொல். பயிற்சியாளர் அதை ஒருமுறை முணுமுணுத்தாலும் போதும். பக்கத்தில் நிற்கும் சிறுவன் அன்றிரவே தன் கன்னடத் தோழனை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்குவான். ஓர் ஆட்டத்தின் தோல்வி மறுவாரம் மறந்துபோகும், இது மறவாது.

கர்நாடகம் தந்த குண்டப்பா விசுவநாத், 1980 பிப்ரவரியில் பம்பாயில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்டில் இந்தியாவின் தலைவர். பாப் டெய்லர் ஆட்டமிழந்ததாக நடுவர் தீர்ப்பளித்தார். பந்து மட்டையில் படவில்லை என்று கருதிய விசுவநாத், நடுவரை அணுகிப் பேசி, டெய்லரைத் திரும்ப ஆடச் செய்தார். டெய்லர் 43 ஓட்டங்கள் எடுத்தார். போத்தமுடன் சேர்ந்து 171 ஓட்டங்கள் குவித்தார். இந்தியா 10 விக்கெட்டில் தோற்றது.

நமக்குப் பாதகமான தீர்ப்பின்போது நடுவரிடம் செல்லும் கால்கள், நமக்குச் சாதகமான தவறின்போதும் செல்லுமா? பிள்ளைகள் நம்மிடம் கவனிப்பது அதைத்தான்.